நீல எழுத்து எங்கே போகிறது

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். எனக்குக் கெட்ட வாய். கம்ப்யூட்டரில் நடக்கும் திருட்டுத்தனத்தைப் பார்த்து அது இன்னும் கெட்டுப்போனது.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வெள்ளிக்கிழமைகளில் வருவாள். கணவன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். கடலுக்குள் போய்விட்டால் பேச்சே கிடையாது. கரைக்கு வந்தால் மெயில் போடுவான். அவன் எழுதியதெல்லாம் அந்த மெயிலில்தான் கிடந்தது. குழந்தையை அவன் இன்னும் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மிரண்டுபோய் என்னைக் கூப்பிட்டாள். மெயில் கம்பெனி அனுப்பியதுபோல இங்கிலீஷில் ஒரு தகவல் வந்திருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் படித்துச் சொல்லியிருக்கிறாள்: இன்றோடு கணக்கை மூடுகிறோம், வேண்டுமென்றால் கீழே உள்ள நீல எழுத்தை அமுக்கி பாஸ்வேர்டு கொடுங்கள்.

"அமுக்கிரவாண்ணே? மூடிட்டா அவுக எதுல எழுதுவாக?"

கையை எடு என்று கத்தினேன். குழந்தை அழ ஆரம்பித்தது. மவுஸை வாங்கி, அமுக்காமல், நீல எழுத்தின் மேல் வைத்தேன். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு முகவரி வந்தது. மேலே நீல எழுத்தில் கம்பெனி பெயர். அடியிலோ கேள்வியேபடாத ஏதோ ஒன்று. காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கத்து பஸ்களில் போர்டை மாற்ற மாட்டார்கள். ஏர்வாடி என்று போட்டிருக்கும், வண்டி சாயல்குடி போகும். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவோம். ஏர்வாடி தர்காவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் போர்டை நம்பி மாட்டுவார்கள்.

"நீ போர்டப் பாத்தா பஸ் ஏறுவ?"

"கண்டக்டரக் கேப்பேன்."

"இந்த நீல எழுத்து போர்டு. அடியில தெரியுதுல்ல, அதான் கண்டக்டரு. என்ன சொல்லுறாரு?"

எழுத்துக் கூட்டிப் படித்தாள். நம்ம மெயில் இல்லையே என்றாள். பாஸ்வேர்டை வாங்கி உன்னை வெளியே தள்ளிப் பூட்டுகிற பயல்கள் என்றேன். எப்போதும்போல முகவரியை நீயே தட்டி உள்ளே போ என்றேன். போனாள். எல்லாம் அப்படியே இருந்தது. ஆனாலும் இன்னைக்குள்ளன்னு போட்டிருக்கே என்று சொல்லிக்கொண்டேதான் பஸ்ஸுக்குப் போனாள்.

கடையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், படிக்காத சனம் ஏமாறத்தான் செய்யும் என்றார். புருஷன் தொலைந்துவிடுவான் என்று பயம் காட்டினால் எவன் படிப்பு நிற்கும்? வேறு கடை பாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கும் உறுத்தல். நிஜமாகவே மூடிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே நின்றிருந்தாள். மெயில் திறந்தது. அவன் கரைக்கு வந்திருந்தான். போட்டோ பார் என்று எழுதி, கீழே ஒரு நீல எழுத்து.

மவுஸை மேலே வைத்துக் குனிந்து அடியில் பார்த்தாள். தெரியாத முகவரி. அமுக்கவில்லை. நீங்கதான் அனுப்பியதா, அப்படியென்றால் பிள்ளையின் பெயரை எழுதுங்கள் என்று பதில் தட்டினாள். அவனும் அங்கே மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் போல. கொஞ்ச நேரத்தில் பெயர் வந்தது. கூடவே புருஷனையே சந்தேகப்படுகிறாயா என்று ஒரு திட்டும்.

சிரித்துக்கொண்டே அமுக்கினாள். ஒரு படகு, வெயிலில் கறுத்த ஒருவன். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது மானிட்டரில் ஓங்கி அடித்தது. நான் மானிட்டரை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தேன்.