ரிலீவர் வரும் வரை

எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டுப் பெண், அந்த ஆண்டு பிளஸ் டூவில் கணக்குத் தேர்வில் தவறினாள். முடிவு வந்த நாள் முதல் அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. "நான் இல்லாமப் போனா யாருக்கு என்ன கொறஞ்சிடும்?" என்று தாயிடம் ஒருமுறை கேட்டுவிட்டாள். பதறிப்போய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் சிகிச்சையைத் தொடங்கியதோடு, சிறிது காலம் அவளைத் தனியே விடாதீர்கள் என்றும் சொல்லியனுப்பினார். தந்தை அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஆனால் அவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். தாய்க்கு மருத்துவமனையில் ஷிப்ட். இருவரும் இல்லாத பொழுதில் பிள்ளைக்கு யார் துணை?

எதிர்வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர், திருவதிகைப் பக்கத்து மனிதர். செய்தி அறிந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"இதுல யோசிக்க என்னா இருக்குது? பெல்ட்டு ஓடிக்கினு இருக்கும்போது ரிலீவர் வராம எவனாச்சும் எறங்குவானா? நாமளும் ஷிப்ட்டு போட்டுக்குவோம். அடுத்த ஆளு வந்து குந்தின பொறவுதான் இருக்கிற ஆளு எழுந்திரிக்கணும்."

பிறகு, கோயிலில் பதிகம் பாடிவரும் கிழவனான என் பக்கம் திரும்பினார். "ஐயா, காலையில நீங்க. பதிகம் எவ்ளோ வேணா பாடுங்க. புத்தி மட்டும் சொல்லிடாதீங்க. வூட்டுக்கு ஒரே வாசலு, பாவம் அந்தப் பொண்ணு எங்க ஓடும்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நண்பகலில் அடுத்த வீட்டுத் தையற்கார அம்மாள் ஊசியும் துணியுமாக வந்து என்னை விடுவிப்பார். மாலையில் ஆபரேட்டரோ அவர் மனைவியோ பலாப்பழத்தோடு வந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முன்னறையில் சுளை எடுப்பார்கள். யாரும் அவளை வெளியே வா என்று அழைக்கவில்லை. உள்ளறை வாசலில் தொங்கிய பூப்போட்ட திரைக்கு இப்பால், அவள் செவிக்கு எட்டும் தொலைவில் இருந்தோம். அவ்வளவே. திரைக்கு அடியில் நகர்த்திய சுளைத் தட்டு முதலில் அப்படியே திரும்பியது. பின்னர் கொட்டைகளோடு திரும்பியது.

ஆறு காலப் பூசையைக் கண்டு உருகியே வாழ்ந்தவன் நான். பூசை செய்வோர் மாறுவர். விளக்கு மட்டும் அணைவதில்லை. அந்த முறைமையை வேதமும் ஆகமமும் அறியாத என் அண்டை வீட்டார் ஒரு பிள்ளைக்காக நடத்துவதைக் கண்டேன்.

ஒருநாள் தையற்கார அம்மாள் சேத்தியாத்தோப்புக்குப் போனவர் குறித்த நேரத்தில் திரும்பவில்லை. கோயிலில் உச்சிக்கால மணி ஒலித்தது. பல்லாண்டுகளாக அந்த மணிக்குச் சந்நிதியில் நின்று பாடுவது என் நியமம். அன்று எழவில்லை. இருந்த இடத்திலேயே கண்மூடிப் பதிகத்தைத் தொடங்கினேன்.

"தாத்தா, இன்னிக்குக் கோயிலுக்குப் போகலையா?"

கண் திறந்தேன். திரை விலகியிருந்தது. கருவறைத் திரை விலக, தீப ஒளியில் இறைவனைக் கண்டு எத்தனையோ முறை மெய்சிலிர்த்திருக்கிறேன். கலைந்த தலையும் கசங்கிய சுடிதாருமாக அப்பிள்ளை நின்ற கோலத்தின் முன் அந்தச் சிலிர்ப்பெல்லாம் சிறிதாயிற்று.

"ரிலீவர் வரவில்லையே, அம்மா."

"எனக்காகவா சாமிய விட்டுட்டீங்க?"

"விடவில்லை. இங்கேயே பாடுகிறேன்."

அவள் திரையை முழுதும் ஒதுக்கி முன்னறைக்கு வந்தாள். பிறகு எதிரே தரையில் அமர்ந்தாள். "பாதியில நிறுத்திட்டீங்களே. முடிங்க."

பதிகத்தை முடித்தேன். அப்போதுதான் தையற்கார அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா லேட்டு," என்றாள் அவள். "மெமோ குடுக்கணும்."

அதன் பிறகு கணக்குப் புத்தகம் வெளியே வந்தது. சொல்லித்தர ஓர் இளம் பொறியாளரும் எங்கள் ஷிப்ட்டில் சேர்ந்தார். உடனடித் தேர்வன்று பள்ளி வாசல் வரை அவளோடு நடந்தோம்.

"எல்லாரும் கிளம்புங்க," என்றாள்.

ஆபரேட்டர் அசையவில்லை. "ரிலீவர் எங்க?"

அவள் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்.

அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "அப்ப எறங்கலாம் ஐயா," என்றார் என்னிடம்.

அவள் உள்ளே சென்று மறையும் வரை, கூப்பிய கையை நான் இறக்கவில்லை.