சக்கரம் ஏறிய நேர்த்திக்கடன்

வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவர் என் மாமியார். நடந்தவை என் கால்கள். இந்த வேலைப் பங்கீட்டில் மாதாவுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. என் மனைவிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது ஏழாம் மாதத்தைத் தொட்டதும், "எங்க மாப்புள்ள ஒரு வண்டியிலயும் ஏறாம நடந்தே வருவாரு" என்று என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். கோயில் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுக்கிற இடம், அவ்வளவுதான். ஆனாலும் கிளம்பினேன். மாமியாரோடு வாதாடுவதைவிட நடப்பது சுலபமாகப் பட்டது.

திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து காவி உடுத்தி, வெறுங்காலோடு நாற்பது பேர் புறப்பட்டோம். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவர் கழுத்தில் செபமாலையோடு ஒரு விசிலும் தொங்கும். இரண்டில் விசிலுக்குத்தான் வேலை அதிகம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மாதா சொரூபம் வரும் டெம்போவின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். "மாதாவத் தனியா வுட முடியுமாய்யா? காவலுக்கு ஒரு ஆளு வேணாமா?" என்றார். அங்கிருந்தபடியே விசில் ஊதி எங்களை வேகமாக நடக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை விருத்தாசலம் வந்து சேர்ந்தோம். அன்று பகல் முழுக்க ஓய்வு. ஓய்வு என்பது கோயில் கூடத்தில் நாற்பது பேர் ஒரே குழாயில் துணி அலசுவது, அப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து கொப்புளங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. யாருக்குக் கொப்புளம் பெரிதோ அவருக்குப் பக்தியும் பெரிது. அந்தக் கணக்கில் எனக்குப் புனிதர் பட்டமே கொடுத்திருக்கலாம். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து சீழ் வைத்து, கணுக்கால் வரைக்கும் வீங்கியிருந்தது.

கூடத்துக்கு ஓர் அம்மாள் மோர் கொண்டுவந்தார். செராமிக் கம்பெனியில் வேலை. நெற்றியில் பெரிய குங்குமம். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றுவது அவர் வழக்கமாம். டம்ளரை நீட்டியவர் என் காலைப் பார்த்துவிட்டார்.

"என்னாங்க இது, இப்புடி வீங்கிக் கெடக்குது? இதோட நடந்தீங்கன்னா காலையே எடுத்துடுவாங்க. எங்க வூட்டுக்காரரு லோடு ஆட்டோ வெளியதான் நிக்குது. ஏறுங்க, டாக்டருகிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

யோசித்திருக்க வேண்டும். வலியில் யோசிக்கவில்லை. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே, வைக்கோல் மேல் உட்கார்ந்து டாக்டரிடம் போனேன். அவர் சீழை எடுத்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டி, "பத்து நாளைக்கு நடக்கக் கூடாது. பஸ்ஸப் புடிச்சு வூட்டுக்குப் போங்க" என்றார். அதே ஆட்டோவில் திரும்பி வந்தேன். நான் கீழே இறங்குவதைக் கூடத்து வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் பார்த்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டி ஏறுவதில்லை என்று நேர்ந்துகொண்டவர் வழியில் ஏறிவிட்டால், முந்தைய தங்கலுக்கு நடந்தே திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி நடந்து வர வேண்டும். இல்லாவிட்டால் நேர்த்தி செல்லாது. எங்கள் முந்தைய தங்கல் மங்கலம்பேட்டை, நல்ல காலுக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாத நடை.

உடனே விசாரணை கூடியது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் எனக்காக வாதாடினார்.

"முன்னாடி கொஞ்ச தூரம் போனாரு. அதே தூரம் திரும்பி வந்துட்டாரு. கழிச்சுப் பாத்தா பூஜ்யம். அப்ப எங்க வண்டி ஏறினாரு?"

தலைவர் அதையும் மிஞ்சினார். "லோடு ஆட்டோ என்ன ஆளு ஏத்துற வண்டியா? பெட்டியோட பெட்டியா வைக்கோல்லதான உக்காந்து போனாரு? அது சரக்குக் கணக்குய்யா. சரக்கையெல்லாம் மாதா கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

என்னைக் குற்றவாளி என்று தீர்த்தால் அடுத்த விசாரணை டெம்போவின் முன் சீட்டைப் பற்றி வரும் என்பது அவருக்குத் தெரியும். விசில் ஊதி வழக்கை முடித்தார். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பிக்கையுள்ள அத்தனை பேரும் என்னை விடுவித்துவிட்டார்கள். நம்பிக்கையில்லாத என்னால் மட்டும் முடியவில்லை. வெளிப்படையாகச் சொன்னால், பயந்துபோயிருந்தேன். முதல் இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று டாக்டரைத் திட்டினேன், தலையெழுத்தைத் திட்டினேன். இந்த முறையும் ஏதாவது ஆகிவிட்டால் திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. இதெல்லாம் மூடத்தனம் என்று பத்துத் தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயம் அசையவில்லை.

நொண்டிக்கொண்டே பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவிதான் எடுத்தாள். ஆட்டோ, டாக்டர் சொன்னது, தலைவரின் தீர்ப்பு, மங்கலம்பேட்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"பைத்தியமா புடிச்சிருக்குது உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா ஆயிரம் நேந்துக்குவாங்க. அதுக்காவ காலக் குடுப்பீங்களா? டாக்டரு சொன்னபடி பஸ்ஸ ஏறி வூட்டுக்கு வந்து சேருங்க."

அப்பாடா என்றிருந்தது. "சரி, வரேன்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.

"ஏங்க," என்றாள், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "மங்கலம்பேட்ட ரொம்ப தூரமா?"

"இல்ல, கிட்டதான்" என்றேன்.

பூத்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, கட்டின் மேல் சுற்றிக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன்.