காயாத கறி

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் களைக்காமல் வேலை செய்தது அந்த மெஷின் ஒன்றுதான். அப்பா தண்ணீர் கேன் டெம்போ ஓட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். அம்மா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, நான்காவதாக எங்களுக்கும் சமைப்பாள். எனக்குப் பத்து வயது. களைத்துப்போக ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் இவர்களைப் பார்த்துப் பார்த்து நானும் பெருமூச்சு விடப் பழகியிருந்தேன்.

அம்மா சமைத்த வீடுகளில் ஒன்றில் இருந்தவர்கள் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த மெஷின். டீஹைட்ரேட்டர் என்று பெயர். இட்லிப் பானை மாதிரி வட்டமாக இருக்கும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் சல்லடைத் தட்டுகள், அடியில் ஒரு விசிறி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அவர்கள் அதில் மாம்பழத் துண்டுகளை உலர்த்தித் தின்றார்களாம். நீலசந்திராவில் ஓர் அறையும் சமையலறையுமாக இருந்த எங்கள் வீட்டில் மாம்பழம் உலரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் அது பரண்மேல் கிடந்தது.

அதை இறக்க வைத்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. ஒருநாள் காலை தங்கவயலிலிருந்து ரயிலில் ஒற்றைப் பையோடு வந்து நின்றாள். மாமாவுக்கு மாட்டுக்கறி உப்புக்கண்டம் தின்ன ஆசையாம். மழையில் கொடியில் போட்டால் புழுத்துவிடும், தம்பி வீட்டு மெஷினில் காயவைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு கறி அறுக்க முடியாது. ஆகவே அந்த வேலையும் அம்மாவின் தலையில் விழுந்தது.

எலும்பில்லாத தொடைக்கறியில் கொழுப்பை ஒட்ட அறுத்தெறிய வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு வாடை அடிக்கும். பிறகு நார் ஓடுகிற வாக்கில் மெல்லிய பட்டைகளாக அரிய வேண்டும். அத்தை மிளகாய்த்தூளும் மஞ்சளும் கல்லுப்பும் இடித்த மிளகும் இஞ்சி பூண்டு விழுதும் போட்டு, கொஞ்சம் வினிகர் விட்டு, ஒற்றைக் கையால் பிசைவாள். ஊறியதும் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டுகளில் பரப்புவாள். சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க மிளகாய்க் காற்றுதான். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் இருமல். நான் தும்மிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினேன்.

முதலில் காய்ந்ததை அத்தை ஒரு டப்பாவில் அடைத்தாள். இது மாமாவுக்குப் போதாது என்று மறுபடி கறி வாங்கி வரச் சொன்னாள். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் வேண்டும் என்றாள். மாமா ஃபோன் செய்யும்போதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "இன்னும் காயல." எனக்கு அந்த மெஷின்மேல் எரிச்சலாக இருந்தது. திருகு எப்போது பார்த்தாலும் மிகக் குறைந்த சூட்டிலேயே நின்றது. கூட்டி வைத்தால் சீக்கிரம் காயுமே என்று அம்மாவிடம் சொன்னேன். தொட்டால் கையை உடைத்துவிடுவேன் என்றாள். அறுத்து அறுத்துத் தோள் போய்விட்டது, துணியெல்லாம் கறி வாடை என்று புலம்பிக்கொண்டிருந்தவளும் அவளேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடக்கிப் பார்த்தார். கடித்தும் பார்த்தார்.

"நல்லாத்தான் காஞ்சிருக்குக்கா. மாமா அங்க தனியா கஷ்டப்படறாரு. நாளைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றார் அத்தையின் முகத்தைப் பார்க்காமல்.

அத்தை சரி என்றாள். கறி முழுவதையும் டப்பாக்களில் அடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். காலியான தட்டுகளை அம்மா கழுவிக் கவிழ்த்தாள். மெஷின் நின்றதும் வீடு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் மழையால் எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலோடும் போகிறவள் அவள். காலையில் குடையை எடுத்துக்கொண்டு போனவள் ஒரு பை நிறையப் பச்சைக் கறியோடு திரும்பினாள். அப்பா என்ன இது என்று கேட்க, அம்மா அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மடமடவென்று அறுத்தாள். அத்தை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து உட்கார்ந்து மசாலாவைப் பிசைந்தாள். ஊறக்கூட விடாமல் அம்மா தட்டுகளை நிரப்பிச் சுவிட்சைப் போட்டாள்.

மதியம் மாமா வந்தார். எனக்கு அவரைப் பிடிக்கும். தலையை அழுந்த வாரி, சட்டை கசங்காமல், மெதுவாகப் பேசுவார். அன்று எனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். கிளம்பலாமா என்று அத்தையைக் கேட்டார். அத்தை சமையலறையை விட்டு வரவில்லை.

அம்மா மெஷினின் மூடியைத் திறந்து காட்டினாள். சிவப்பாக, சொட்டச் சொட்ட ஈரமாகக் கிடந்தது கறி.

"இன்னும் காயலண்ணா" என்றாள்.

"கறி கிடக்கட்டும்மா. அவ வரட்டும். காஞ்சதும் நீங்க அனுப்புங்க."

"எனக்கு இதோட பக்குவம் தெரியாதுண்ணா. அண்ணி இருந்தாத்தான் ஆகும்."

எனக்குத் தாங்கவில்லை. காய்ந்த கறிதான் அத்தையின் பை நிறைய இருக்கிறதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்து, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னாள். வீட்டில் பால் இருந்தது. பாவம், அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நான் பாலோடு திரும்பினேன். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தட்டுகளைப் பார்த்தார், சமையலறைக் கதவருகே தெரிந்த அத்தையின் கையைப் பார்த்தார். வெகுநேரம் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"காயட்டும் மாமா. காஞ்சதும் நானே சொல்லி அனுப்பறேன்" என்றார்.

மாமா டீ குடிக்காமலே போய்விட்டார். அப்பா சொல்லி அனுப்பவே இல்லை. மாமா ஒன்றிரண்டு முறை வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். கை தேறியதும் அத்தை ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளும் எங்களைப் போலவே களைத்து வர ஆரம்பித்தாள். அந்த வருஷம் முழுக்க நாங்கள் உப்புக்கண்டமாகவே தின்றோம்.

ஆனால் அன்று மாமா போன கையோடு அம்மா பாயை விரித்து, "படுங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தை என் தலையணையில் தலையை வைத்தாள். விசிறி இரைந்துகொண்டிருந்தது, கண்ணெரியும் மிளகாய் நெடி வேறு. பக்கத்து வீட்டு டிவி அலறியது, குக்கர் விசிலடித்தது, நான் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன். அவள் புரளக்கூட இல்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வந்த வேலையை விட்டுவிட்டுப் பட்டப்பகலில் இப்படியும் ஒருத்தி தூங்குவாளா, எவ்வளவு சோம்பேறி என்று நினைத்தபடி, என் தலையணைக்காக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.