நான் அழித்துக் கொடுத்த பென்டிரைவ்

மூன்று வருடங்களுக்கு முன், புனேயில் சாங்வி பகுதியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அதே ஊரில் கராடி என்ற இடத்தில் ஐ.டி. வேலை. ஐ.டி. என்றாலே கம்ப்யூட்டரில் எல்லாம் தெரியும் என்று எங்கள் குடியிருப்பில் ஒரு நம்பிக்கை. பிரின்டர் ஓடவில்லை, வைஃபை வரவில்லை என்று எல்லோரும் என் கதவைத்தான் தட்டுவார்கள். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான்.

கீழ்வீட்டு ஆன்ட்டி ஓய்வுபெற்ற டீச்சர். பல வருடங்களாகப் புனேயிலேயே வாழும் தமிழ்க் கிறிஸ்தவர். அவர் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரிடையரான பிறகு அங்கிள் தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தமிழில் ஏதோ எழுதுவாராம். எட்டிப் பார்த்தால், முடித்ததும் தருகிறேன் என்று திரையை மறைத்துக்கொள்வாராம். கடைசி இரண்டு வருடங்கள் மறதி நோய். அப்போதும் எழுதுவதை விடவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகிப் பழைய சாமான் எடுக்கும் பங்கார்வாலாவிடம் போய்விட, மிஞ்சியது ஒரு பென்டிரைவ்.

"இப்பத்தான் படிக்க மனசு வந்துச்சும்மா. ஓப்பன் பண்ணிக் குடேன்" என்று, நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு மதியம் வந்தார். எனக்கு அடுத்த மீட்டிங்குக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. மொத்தம் பதினோரு ஃபைல்கள். எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக ஒரே கந்தரகோளம்.

"கரப்ட் ஆயிடுச்சு ஆன்ட்டி. எல்லாம் குப்பை" என்றேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"அப்ப, தெளிவே இல்லாம கண்டதையும் தட்டிட்டு இருந்திருக்காரு. பாவம்" என்றார்.

அப்படியிருக்காது என்று சொல்லக்கூட நான் நிற்கவில்லை. பென்டிரைவாவது வீணாகாமல் இருக்கட்டுமே, சர்ச் பாட்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்து கொடுத்தேன். தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, திருநெல்வேலியிலிருந்து அப்பா என் கல்யாணப் பத்திரிகையின் பழைய ஃபைலை அனுப்பினார். தம்பி கல்யாணத்துக்கும் அதே மாதிரி அடிக்க வேண்டுமாம். திறந்தால் அதே கந்தரகோளம். கெட்டுப்போய்விட்டது என்று போனில் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"கெட்டுலாம் போகலம்மா. அது பழைய தமிழ் ஃபாண்ட்லா! அதை உன் கம்ப்யூட்டர்ல ஏத்து, தமிழ் தானா வரும்."

ஏற்றினேன். வந்தது. அங்கிளின் ஃபைல்களும் இதே மாதிரி ஃபாண்டில்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. போனிலேயே தமிழ் தட்டிப் பழகிய எனக்கு, அப்படி ஒரு ஃபாண்ட் இருப்பதே அதுவரை தெரியாது.

காரணம் சொல்லாமல் ஆன்ட்டியிடம் பென்டிரைவை வாங்கினேன். அதற்குள் அதில் பாட்டுகளை நிரப்பியிருந்தார். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர்களையெல்லாம் போட்டு இரண்டு நாள் போராடியதில், ஒரே ஒரு ஃபைல் கிடைத்தது. பழைய ஃபாண்டில் அதைத் திறந்தேன். ஒன்றரைப் பக்கம்.

'இன்று டாக்டரிடம் போனோம். இனி பெயர்கள் மறக்கும் என்றார். அதனால் இவள் பெயரை முதலில் எழுதி வைக்கிறேன்' என்று ஆரம்பித்திருந்தார் அங்கிள். அன்றைக்கு வீடு திரும்பிய ஆன்ட்டி உப்பே போடாமல் உப்புமா கிண்டியதையும், அழுதிருக்கிறாள் என்று தெரிந்து தான் பேசாமல் சாப்பிட்டதையும் எழுதியிருந்தார். ஓரிடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை.

அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஆன்ட்டி நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"எவ்ளோ தெளிவா எழுதியிருக்காரு... நான் அவரைப் போய்..." என்று பாதியில் நிறுத்தினார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்து, "மத்தது?" என்றார். கிடைத்தது இது ஒன்றுதான் என்றேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போதெல்லாம் யாராவது ஃபைல் திறக்கவில்லை என்று வந்தால் முதலில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன், புரியாவிட்டால் எனக்குத் தெரியவில்லை என்று கூச்சப்படாமல் சொல்கிறேன். அதை அன்று மதியமே சொல்லியிருந்தால், மீதிப் பத்து ஃபைல்களும் இன்று ஆன்ட்டியிடம் இருந்திருக்கும்.