ரிலீவர் புறா

சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்ப்பது போக, டவுன்ஷிப் விழாக்களில் நான் மேஜிக் காட்டுவதுண்டு. போன பொங்கலுக்கு ஒரு வெள்ளைப் புறாவைப் பெட்டியில் வைத்து மூடினேன். திறந்தால் பெட்டி காலி. தொப்பிக்குள் கைவிட்டுப் புறாவை எடுத்தேன். அது வேறு புறா. முதல் புறா பெட்டியின் ரகசிய அறையில் ஒடுங்கிக் கிடந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, "அங்கிள், இது ரிலீவர்தானே? இதுதான் வந்துடுச்சில்ல, அத வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும். அடுத்த ஷிஃப்ட் ஆளான ரிலீவர் வந்தால்தான் அப்பா வீட்டுக்கு வருவார். வருஷக்கணக்காகப் பழகிய வித்தையை ஒரு வாண்டு போட்டு உடைக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறைத்தேன். அவள் உட்காரவில்லை. மற்ற பிள்ளைகளும் "அனுப்புங்க, அனுப்புங்க" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் ரகசிய அறையைத் திறந்தேன். புறா சிறகை உதறிப் பறந்துபோய்ப் பந்தல் கம்பில் உட்கார்ந்தது. பந்தலே அதிர்ந்தது. அவ்வளவு கைதட்டல் எனக்கு அதற்குமுன் விழுந்ததில்லை.

இப்போதெல்லாம் பெட்டிக்குள் கைக்குட்டைதான் போகிறது. புறா இரண்டும் என் குவார்ட்டர்ஸ் மாடியில் இரை பொறுக்குகின்றன. ரிலீவர் வராத நாளில் நான்தான் சுரங்கத்தில் மாட்டிக்கொள்கிறேன். அவை வீட்டில் இருக்கின்றன.