பன்னிரண்டாவது தலை

போன செவ்வாய்க்கிழமை காலை, ‘மலை டூர்’ என்ற நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. யார் புளிசாதம், யார் தயிர்சாதம் என்று பேசி முடிப்பதற்காக ஒரு காலத்தில் தொடங்கிய குழு அது. இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் கண் திறக்கிறது. “நம்ம பழைய வேன் டிரைவர் செல்லமுத்து நேத்து காலமாயிட்டார். நெஞ்சுவலியாம்” என்று ஒருவர் போட்டிருந்தார். கீழே ஏழெட்டுக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே ஒரு கேள்வி: “யாரு, சின்னப் பையனை மலையிலேயே விட்டுட்டு வந்தாரே, அவரா?”

“அவரேதான்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு யாரோ கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டியிருந்தார்.

ஏழு வருஷம் நம் குழந்தைகளைக் கொல்லிமலைக்கு ஏற்றி இறக்கியவரைப் பற்றி நமக்கு மிச்சமிருக்கும் ஒரே நினைவு இது. இந்த நினைவு பொய். அது பொய் என்று தெரிந்தவள் நான். செல்லமுத்துவின் பெயரின்மேல் இருக்கும் அந்தப் பழியை இறக்கி வைக்காமல் அவருக்கு அஞ்சலி என்று நான் எதை எழுதினாலும் அது வெறும் கும்பிடும் கைதான்.

அவரை அறியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சேந்தமங்கலத்தில் நான் தலைமையாசிரியையாக இருந்த தொடக்கப்பள்ளியின் ஆசிரியர்களும், சுற்றுவட்டத் தெருக் குடும்பங்கள் சிலவும், பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மலைக்குப் போய்வருவது வழக்கம். காலையில் மாசிலா அருவியில் குளியல், வாசலூர்பட்டியில் படகு, திரும்பும்போது சோளக்காட்டில் அன்னாசிப்பழம். செல்லமுத்துவுக்குச் சொந்தமாக ஒரு வேன் இருந்தது. கறுத்த, ஒல்லியான மனிதர். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழங்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். மலை ஏறும் பிள்ளைகள் முகர்ந்து பார்க்க.

காரவள்ளியில் மலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து, வருஷா வருஷம் ஒரே கேள்வியைக் கேட்பார்: “யாராரு மூணு இட்லி சாப்பிட்டது? கை தூக்குங்க சாமி.” ஒரு வாண்டு பெருமையாகக் கை தூக்கும். “செரி, நீ ஜன்னலோரம் வா. ரெண்டு இட்லி மலை ஏறும். மூணாவது இட்லி முப்பதாவது வளைவுல கீழ எறங்கிக்கும்.” வேன் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் முதல் வளைவில் திரும்புவார்.

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பிள்ளைகள் அந்த எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்லியாக வேண்டும் என்பது செல்லமுத்துவின் சட்டம். ஏறும்போது ஒன்றிலிருந்து எழுபது, இறங்கும்போது எழுபதிலிருந்து ஒன்று. விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி இருபத்திரண்டாவது வளைவில் வாயை மூடிக்கொண்டாள். அவர் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, “மூணாவது சீட்டு, வலது பக்கம். புள்ளையை எறக்குங்க” என்றார். இறக்கினோம். இறங்கியதும் வாந்தி. “எப்படிங்க தெரிஞ்சது?” என்று கேட்டேன். “பேசற புள்ளை வாந்தி எடுக்காதுங்க டீச்சர். குரலு நின்னா வயிறு பொரளுதுன்னு அர்த்தம். நான் ரோட்டைத்தான் பார்க்கோணும், புள்ளைகளைக் காதுலதான் பார்க்க முடியும்” என்றார். முப்பது வருஷம் வகுப்பு எடுத்த எனக்கு இது தெரியாது. நான் எப்போதும் பேசுகிற பிள்ளையைத்தான் கவனிப்பேன்.

நாம் அவரை எப்படி வைத்திருந்தோம் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். அருவிக்கரையில் பாய் விரித்து எல்லாரும் சாப்பிடுவோம். அவருக்கு வண்டிக்கு இலை போகும். ஒரு வருஷம் எல்லாரும் உண்டு முடித்த பிறகு, குழந்தைகள் கை விட்டு அளைந்த எலுமிச்சைச் சாதத்தை ஒரு தூக்கில் வழித்துப்போட்டு ஒருவர் கொடுத்தார். “டிரைவர்தானே, பசிக்குச் சாப்பிடுவார்.” செல்லமுத்து அதை வாங்கிச் சாப்பிட்டார். தூக்கைக் கழுவியும் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குடும்பப் படம் எடுக்க அவரைத்தான் கூப்பிடுவோம். அதனால் ஏழு வருஷப் படங்களில் ஒன்றில்கூட அவர் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பதினொரு வருஷத்துக்கு முந்தைய பயணம் அது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பள்ளிக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். “ஏனுங்க டீச்சர், எங்க கோமதிக்கு ஏழு வயசாச்சு. ஊரான் புள்ளைகளையெல்லாம் கூட்டிட்டுப் போறியே, என்னைய எப்பக் கூட்டிட்டுப் போவேன்னு கேக்குதுங்க. முன்சீட்டுல எம்பக்கத்துல உக்காந்துக்கும். சோறு ஊட்டுல இருந்து கொண்டாந்துக்கறோம்.” நான் மனம் உருகிப்போனேன். “இதுக்கெல்லாம் கேக்கணுமாங்க? நம்ம பிள்ளைகளோட ஒண்ணா இருக்கட்டும்” என்றேன். நல்ல மனசோடு சொன்ன சொல்தான். விஷயம் அங்கேதான் தொடங்கியது.

அன்றைக்கு நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். கோமதியைச் சேர்த்தால் பதின்மூன்று. பெயர்ப் பட்டியல் என் கையில். எந்த இடத்தில் ஏறினாலும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவது என் வேலை. வேறு யாரும் எண்ணக்கூடாது, இரண்டு பேர் எண்ணினால் குழப்பம் என்று நானே போட்ட ஒழுங்கு.

பன்னிரண்டு பேரில் கடைக்குட்டி கவின், ஐந்து வயது. அவனுடைய அப்பா, அம்மா, கைக்குழந்தை மூவரும் தங்கள் காரில் வந்தார்கள். கவின் மட்டும் வளைவு எண்ணுவதற்காக அடம்பிடித்து வேனில் ஏறினான். அவனுக்கு இருபதுக்கு மேல் எண் தெரியாது. எல்லாரும் “நாப்பத்தி ஆறு!” என்று கத்தி முடித்த பிறகு, தனியாக “...தி ஆறு!” என்பான். செல்லமுத்துவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “வாங்க பின்பாட்டுக்காரரே” என்றுதான் அவனைக் கூப்பிட்டார்.

காலையில் கோமதி முன்சீட்டில் இருந்தாள். அருவியில் குளித்து, படகில் போய், மாலைக்குள் எல்லாப் பிள்ளைகளும் அவளுக்குச் சிநேகம். சோளக்காட்டில் அன்னாசிப்பழம் தின்றுவிட்டு ஏறும்போது, “கோமதி இங்க வா” என்று பின்சீட்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். கவினின் அப்பாவின் கார் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டது. எல்லாருக்கும் களைப்பு. நான் தலைகளைத் தொட்டுக்கொண்டே போனேன். கடைசித் தலையில், நன்றாக நினைவிருக்கிறது, எண்ணெய் தடவிய ரெட்டைப் பின்னல் தலையில் கை வைத்து, “பன்னிரண்டு” என்றேன்.

செல்லமுத்து திரும்பிக் கேட்டார்: “டீச்சர், எங்க புள்ளையும் அங்கதான் பின்னாடி இருக்குதுங்க.”

“தெரியுமுங்க. போலாம், போலாம்” என்றேன்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்லுவேன்: விடை சரியாக இருந்தாலும் வழி தப்பாக இருந்தால் மதிப்பெண் கிடையாது. பன்னிரண்டில் ஒன்று போய், வேறொன்று வந்தால் பன்னிரண்டுதான். என் விடை சரி.

வண்டி இறங்கத் தொடங்கியது. “எழுபது!” என்றார்கள் பிள்ளைகள். “அறுபத்தி ஒம்போது!” என்றார்கள். “அறுபத்தி எட்டு!” அடுத்த வளைவில் செல்லமுத்து வேகத்தைக் குறைத்தார்.

“டீச்சர், பின்பாட்டு வரலீங்க.”

“தூங்கியிருப்பான். நான் எண்ணிட்டேன்.”

“தூங்குனாலும் செரிங்க. ஒருக்கா எழுப்பிப் பாருங்க.”

எழுப்புவதற்குக் கவின் அங்கே இல்லை.

கொண்டை ஊசி வளைவில் வேனைத் திருப்ப முடியாது. இன்னும் நான்கு வளைவு இறங்கி, அகலமான இடத்தில் நான்கைந்து முறை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினார். எதிரே வரும் பஸ்ஸுக்கெல்லாம் கையை வெளியே நீட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஏறினார். அந்தப் பத்து நிமிஷமும் வேனுக்குள் ஒரு குழந்தையும் எண் சொல்லவில்லை. நான் போனில் கவினின் அப்பாவைப் பிடித்துச் சொன்னேன்.

சோளக்காட்டில் பழக்கடைக்காரம்மாவின் மடியில் உட்கார்ந்து, மிளகாய்த்தூள் போட்ட அன்னாசித் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தான் கவின். ஒரு நாய்க்குட்டியின் பின்னால் கடைக்குப் பின்பக்கம் போயிருக்கிறான். “அழுவவே இல்லீங்க. பஸ் எப்ப வரும்னு மட்டும் கேட்டுச்சு” என்றார் அந்த அம்மா. செல்லமுத்து அவனைத் தூக்கி, “பின்பாட்டுக்காரரே, எங்களையெல்லாம் உட்டுப்போட்டு எங்க போனீங்க?” என்று சிரித்தார்.

அந்த நேரத்தில் கார் வந்து நின்றது. கவினின் அப்பா இறங்கி ஓடி வந்து பையனைப் பிடுங்கினார். என் கையில் பட்டியலைப் பார்த்தார். வேனின் பின்சீட்டில் கோமதியைப் பார்த்தார். செல்லமுத்துவின் சட்டையைப் பிடித்து, சந்தைக்கு நடுவே, கன்னத்தில் அறைந்தார்.

“ஓசியில உன் புள்ளைய ஏத்திக்கிட்டு, எம்புள்ளைய உட்டுட்டு வருவியாடா?”

கோமதி ஜன்னலில் இருந்தாள். அடி விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஏனென்றால் எல்லாருக்கும் கேட்டது.

செல்லமுத்து என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. வகுப்பில் பக்கத்துப் பையன் செய்த தப்புக்கு அடி வாங்கியவன் ஆசிரியரைப் பார்ப்பானே, அப்படி. நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பெற்றோர் பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘எங்க டீச்சர் இருந்தா பயமே இல்லை’ என்று பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டவர்கள். நான் சொன்னேன்:

“டிரைவரும் இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்.”

‘டிரைவரும்’ என்பதில் அந்த ‘உம்’மைப் போட்டு என் பங்கையும் ஒத்துக்கொண்டதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை யாரும் கேட்கவில்லை.

மறுபடி இறங்கும்போது எழுபதிலிருந்து எண்களைப் பலகைகள்தான் சொல்லின. கோமதி முன்சீட்டில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவள் வாந்தி எடுத்தாள். அவர் வண்டியை நிறுத்தி அவளை இறக்கித் துடைத்தபோது, பின்னாலிருந்து ஒரு பெற்றோர், “இதுக்கும் நாமதான் காத்திருக்கணுமா?” என்றார்.

அடுத்த வருஷம் மே மாதம் பள்ளிக்கு வந்தார். “டீச்சர், மலைக்குத் தேதி வெச்சாச்சுங்களா?” என்று கேட்டார். ராசிபுரத்திலிருந்து வேறு வேன் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. “இன்னும் முடிவாகலீங்க” என்றேன். அந்த ஞாயிறு காலை, சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் டீக்கடை வாசலில் நின்றிருந்தவர், நாங்கள் புது வேனில் போவதைப் பார்த்தார். பிள்ளைகள், “வளைவு மாமா!” என்று கத்திக் கை காட்டினார்கள். அவரும் காட்டினார். புது டிரைவர் பிள்ளைகளை எண் சொல்ல விடவில்லை, பாட்டுப் போட்டார். நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். ‘பையனை விட்டுட்டு வந்தவர்’ என்ற பேச்சு சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவி, செல்லமுத்துவைக் குடும்பத்தோடு போகிறவர்கள் யாரும் கூப்பிடவில்லை. வேனை விற்றார். மரவள்ளிக் கிழங்கு லோடு லாரி ஓட்டினார். கிழங்குக்கு வயிறு புரளாது.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். குழுவிலிருந்து வேறு யாரும் வந்திருக்கவில்லை. கோமதிக்கு இப்போது பதினெட்டு வயது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போய், “கண்ணு, அன்னைக்கு மலையில நடந்தது என்னோட தப்பு” என்றேன். பதினொரு வருஷம் ஒத்திகை பார்த்த வாக்கியம். அவள் அழுவாள், அல்லது கத்துவாள் என்று நினைத்தேன்.

“தெரியுமுங்க டீச்சர்” என்றாள். “நீங்க என் தலையைத் தொட்டுத்தான் பன்னண்டுன்னு சொன்னீங்க. எனக்கு அப்பச் சந்தோஷம். என்னையும் சேத்து எண்றாங்கன்னு.”

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் எங்கப்பாகிட்டச் சொன்னேனுங்க. நாளைக்குப் போயி எல்லார்த்துகிட்டயும் சொல்லலாம்னேன். அப்பாதான் வேண்டாம்னாரு. ‘டீச்சர் சொல்லுவாங்க சாமி, நீ சும்மா இரு’ன்னாரு. அடுத்த வருஷமும் கேட்டேன், வேனை வித்து லாரி ஓட்டப் போனப்பவும் கேட்டேன். ‘சொல்லுவாங்க’ன்னாரு. அப்பறம் நான் கேக்கறத உட்டுட்டேன்.” அப்பாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப யாருக்குச் சொல்லப் போறீங்க?”

அவள் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். பெரிய பதில் இல்லை, தெரியும். குழுவில் கேள்வி கேட்டவருக்கும், கட்டைவிரல் காட்டியவருக்கும், இப்போது பதினாறு வயதாகிவிட்ட கவினுக்கும், அவனுடைய அப்பாவுக்கும் சொல்கிறேன். பையனை மலையில் விட்டுவிட்டு வந்தவள் நான். அவன் இல்லை என்று கண்டுபிடித்தவர் செல்லமுத்து.

அவருடைய படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. நான் வைத்துக்கொள்ளப் போவது அவர் மகளிடம் சொன்ன அந்தச் சொல்லைத்தான்: “டீச்சர் சொல்லுவாங்க.” கன்னத்தில் அடி வாங்கி, பிழைப்பு போய், லாரி ஓட்டிய பிறகும் அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். நான் இருந்தது நான்கு தெரு தள்ளி.