இல்லாத ஜெர்மானியர்களுக்கு அடுப்பு மூட்டியவள்

பெலகேயா கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்தது ஒரே விஷயம்தான்: தீவில் ஜெர்மானியர் யாரும் இல்லை. மீறி வாயைத் திறந்தால் பத்து வருஷம் உள்ளே. கையெழுத்தைப் போட்டுவிட்டு நேராகப் போய், ஜெர்மானியர் குடியிருந்த எட்டு வீட்டுக்கும் அடுப்பு மூட்டினாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

போரில் ஜெயித்தவர்கள், தோற்றவனிடம் ராக்கெட் செய்யத் தெரிந்த ஆட்களை ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்ட காலம் அது. அமெரிக்காக்காரன் ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனான். நம் ரஷ்யாக்காரர்கள் ஒரு கூட்டத்தைப் பியானோ, பூனை சகிதம் ரயிலேற்றிக் கொண்டுவந்து இந்த ஏரித் தீவில் இறக்கினார்கள். பரம ரகசியம். அக்கரைச் சந்தைக்கே தெரிந்த ரகசியம்.

"ஏண்டி பெலகேயா, உன் ஜெர்மன்காரங்க சௌக்கியமா?"

"எந்த ஜெர்மன்காரங்க? அப்படி யாரும் இல்லையே."

"அப்ப இந்த ஒரு வண்டி முட்டைக்கோஸ் யாருக்காம்?"

"எனக்குத்தான். பசி கொஞ்சம் ஜாஸ்தி."

சிரிப்பாகப் பேசுவாளே தவிர, அவளுக்கு உள்ளே எரிந்தது. அவள் புருஷன் ஸகார் நாற்பத்திரண்டில், ர்ஷெவ் ஊர்ப் பக்கம், ஜெர்மன் குண்டு பட்டுப் பனியில் விழுந்து கிடந்தான். தூக்க ஆளில்லாமல் செத்தான் என்று அவன் படையில் இருந்தவன் ஒருவன் கடிதம் எழுதியிருந்தான். இப்போது அவளும் பதினாலு வயசு மகள் நியூராவும்தான். 'அவனுங்களைக் குளிர்காய வைக்கத்தான் நான் பொழைச்சுக் கிடக்கேனா?' என்று விறகைப் படார் படாரென்று அடுப்பில் எறிவாள். விறகு என்ன பாவம் செய்தது!

மூன்றாம் வீட்டில் வோல்க்மார் தனியாக இருந்தான். நாற்பது வயசு. ராக்கெட் வழி தவறாமல் பறக்க உள்ளே ஒரு சக்கரம் சுழலுமாம், அதைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ரஷ்ய அடுப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எப்படி வேலைக்கு வந்தாய் என்று கேட்டால், "அஞ்சு வருஷம் வர்றியான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள என் அலமாரி லாரியில ஏறிடுச்சு" என்பான்.

சிக்கனத்தில் ஆள் கெட்டி. சூடு புகைபோக்கி வழியாக வீணாய்ப் போகிறதே என்று அவனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அதன் தகட்டைச் சீக்கிரம் மூடினால் எத்தனை விறகு மிச்சம் என்று கணக்கே போட்டு வைத்திருந்தான்.

"கணக்கு கிடக்கட்டும். தணல் மேல ஆடுற நீல நெருப்பு அடங்குற வரைக்கும் தகட்டைத் தொடாதீங்க. தொட்டா விஷப்புகை வீட்டுக்குள்ளயே தங்கிடும், நேரா மேலதான்" என்றாள் பெலகேயா.

தலையை ஆட்டினான். படித்தவன் தலையாட்டினால் கேட்டுக்கொண்டான் என்றா அர்த்தம்?

நாற்பத்தேழு ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு அடுப்பு மூட்டிவிட்டுப் பதினொன்றுக்குத் திரும்பினாள். கதவைத் திறந்ததுமே தலை கனத்தது. தகடு மூடியிருந்தது. வோல்க்மார் தரையில் கிடந்தான், கையில் பென்சிலோடு.

ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பொய் சொல்வானேன், விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. இல்லாத ஆள் செத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அப்புறம், தூக்க ஆளில்லாமல் கிடந்த ஸகாரின் நினைப்பு வந்தது. "நாசமாப் போறவனே!" என்று கத்தியபடி அவன் கால் இரண்டையும் பிடித்து வாசல் பனிக்கு இழுத்தாள்.

மூச்சு இருந்தது, ஆனால் கண் திறக்கவில்லை. தீவு டாக்டர் மாஸ்கோ போயிருந்தார். காவல் கூண்டுக்கு ஓடினாள். சிப்பாய் யெர்மொலாய் தொலைபேசியை நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.

"அக்கா, அக்கரை டாக்டரை நம்ம வேலையாள் குடும்பத்துக்குத்தான் கூப்பிடலாம். அவங்களுக்குன்னு கூப்பிட்டா, அவங்க இருக்காங்கன்னு ஆயிடும். உனக்குப் பத்து வருஷம், எனக்கும் பத்து!"

அவள் உள்ளே போனால் நியூராவுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் தொலைபேசியைப் பிடுங்கிவிட்டாள்.

"டாக்டரம்மா, சீக்கிரம் வாங்க. புகை அடிச்சுக் கிடக்கான். யாரா? என் கொழுந்தன். ஸகாரோட தம்பி."

உறைந்த ஏரிமேல் குதிரைச் சறுக்குவண்டியில் டாக்டரம்மா பறந்து வந்தார். ஊசி போட்டார். வோல்க்மார் கண் திறந்து ஜெர்மனில் முனகினான்.

"உங்க கொழுந்தன் என்னம்மா பேசறார்?"

"புகை தலைக்கேறிட்டா அப்படித்தான் உளறுவாங்க."

டாக்டரம்மாவுக்கும் ஒரு பிள்ளை போரில் போயிருந்தான். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'கொழுந்தன்' என்றே எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் தீவுக் காவலுக்குப் பொறுப்பான கேப்டன் துபாசோவ் கூப்பிட்டார். நியூராவைப் பக்கத்து வீட்டில் விட்டு, உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள் என்று மாற்றுத் துணி மூட்டையோடு போனாள்.

"உன் புருஷனுக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லைன்னு ஃபைல்ல இருக்கு."

"அப்ப அங்க கிடந்தது யாருன்னு நீங்களே எழுதுங்க கேப்டன். நான் கையெழுத்துப் போட்ட காகிதப்படி அங்க யாரும் இல்லை."

கேப்டன் பேனாவைக் கடித்தார். ஜெர்மானியன் என்று எழுதினால் அவர் தலையும்தான் போகும். ஃபைலை மூடிவிட்டு, "மூட்டையை எடுத்துட்டுக் கிளம்பு" என்றார்.

நடந்ததையெல்லாம் யெர்மொலாய் வோல்க்மாரிடம் சொல்லிவிட்டான். பிப்ரவரியில் ஸகாரின் நினைவு நாள். பெலகேயா தன் வீட்டு மேஜையில், செத்தவருக்கு வைக்கும் வழக்கப்படி, ஸகாரின் கிளாஸில் வோட்காவை நிரப்பி, மேலே ரொட்டித் துண்டை வைத்து மூடியிருந்தாள். வோல்க்மார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"தம்பின்னா வரணும் இல்லையா, அண்ணி?"

துரத்தத்தான் நினைத்தாள். ஆனாலும் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தான், தவறாமல்.

ஐம்பத்துமூன்றில் எல்லாரையும் திருப்பி அனுப்பினார்கள். படகில் ஏறும்போது, "போய்ட்டு வரேன், அண்ணி" என்றான்.

"அங்கேயாவது தகட்டை ஒழுங்கா மூடு" என்றாள் பெலகேயா.

படகு நகர்ந்ததும் கேப்டன் புதுக் காகிதம் நீட்டினார்: தீவில் ஜெர்மானியர் யாரும் ஒருபோதும் இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டாள். கண்ணீர் காகிதத்தில் சொட்டியது.

"யாருமே இல்லைன்னா, யாருக்காக அழறே?"

"என் கொழுந்தன் ஊருக்குப் போறான். அதுக்கும் காகிதம் இருந்தா கொண்டாங்க."